யாருக்கு நோகும்? மிகையுணர்வின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

என் பெரியம்மாவுக்கு அக்கி வந்தது. இடது விலாவில், முதுகுத்தண்டிலிருந்து மார்புக்கடி வரை, பட்டையாகக் கொப்புளம். ஊர் வழக்கப்படி குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்தார். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. அதற்கப்புறம்தான் சங்கடம் ஆரம்பித்தது. புண் ஆறிய இடத்தில் ரவிக்கைத் துணி பட்டால் எரிந்தது. முந்தானை உரசினால் துடித்தார். மின்விசிறிக் காற்றுகூட ஆகவில்லை. ‘ஈ ஒக்காந்தாகூட கங்கு வெச்ச மாதிரி இருக்குடா’ என்பார். ஐம்பது வருஷம் நாற்று நட்டு, களையெடுத்து, கட்டு சுமந்த உடம்பு அது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் அந்த இடத்தைப் பார்த்தார். புண் இல்லை, வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: ‘காட்டுல மேட்டுல வேல செஞ்ச ஒடம்பும்மா. இதெல்லாம் தாங்கும். இப்படித் தொட்டாச்சிணுங்கியா இருந்தா எப்படி?’ திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘நான் நடிக்கிறேன்னு நெனச்சுட்டாரு இல்ல?’ என்று மட்டும் கேட்டார்.

மூன்று மாதம் கழித்து வேறொரு மருத்துவர் இது அக்கிக்குப் பிந்திய நரம்பு வலி என்று கண்டு, அதற்கான மாத்திரை கொடுத்தார். மெல்லக் குறைந்தது. அந்த மூன்று மாதம் எங்கே போயிற்று என்ற கேள்வி மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. முதல் மருத்துவர் கெட்டவர் என்று முடித்துக்கொள்வது சுலபம். ஆனால் அவர் சொன்னது அவருடைய சொந்த வாக்கியம் அல்ல. ‘உழைக்கிற உடம்புக்கு நோகாது’ என்ற அந்த வாக்கியத்துக்கு ஏறக்குறைய முந்நூறு வருஷ வரலாறு ஒன்று இருக்கிறது. அதை ஓரளவுக்குத் தொடர்ந்து போய்ப் பார்த்ததில் கிடைத்தவையே இந்தக் குறிப்புகள்.

புலன்கள் வழக்கத்துக்கு மீறிக் கூர்மை கொள்வதை மருத்துவம் ‘ஹைபரஸ்தீசியா’ என்கிறது. இங்கே அதை மிகையுணர்வு என்கிறேன். மெல்லிய தொடுகை வலியாகும், சிறு சத்தம் இடியாகும், வெளிச்சம் ஊசியாகும். இது நரம்பு சம்பந்தப்பட்டது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் யாருக்கு இது இருப்பதாக ஒப்புக்கொள்ளப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது நரம்பியல் மட்டுமே தீர்மானித்த விஷயம் அல்ல.

2

1733இல் ஜார்ஜ் செய்ன் என்ற மருத்துவர் ‘ஆங்கிலேய நோய்’ என்ற நூலை வெளியிட்டார். இங்கிலாந்தின் வசதி படைத்தோரின் நோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நரம்புக் கோளாறுகளே என்பது அவர் கணக்கு. கொழுத்த உணவு, உட்கார்ந்த வாழ்க்கை, நெரிசலான நகரம் ஆகியவை காரணங்கள். இதுவரை இது ஒரு விமர்சனம் போலத் தெரியும். ஆனால் செய்ன் இன்னொன்றையும் சேர்த்தார். புத்திக்கூர்மையும் கற்பனையும் உள்ளவர்களுக்கே இந்த நோய் வரும். மந்தமானவர்களை இது அதிகம் தீண்டாது. ஆக, நோய் என்பது பதக்கம் ஆயிற்று. தலைவலிக்கிறது என்று சொல்வது தனக்குத் தலை இருக்கிறது என்று சொல்வதாயிற்று.

இதற்கு இருபது வருஷம் கழித்து, கோட்டிங்கனில் ஆல்பிரெக்ட் ஃபோன் ஹாலர் 190 விலங்குகளைக் குத்தியும் சுட்டும் அறுத்தும் பார்த்து, உணர்வு என்பது நரம்பின் தன்மை, சுருங்குவது தசையின் தன்மை என்று பிரித்துக் காட்டினார் (1752). இந்தக் கண்டுபிடிப்பை அதன் எல்லை வரை கொண்டுபோனால் என்ன ஆகும்? நரம்புள்ள எல்லா உடம்புக்கும் நோகும். சீமாட்டிக்கும் நோகும், அவள் வீட்டு வேலைக்காரிக்கும் நோகும். ஆனால் அந்த நூற்றாண்டு அதை அந்த எல்லை வரை கொண்டுபோகவில்லை. நரம்பிலேயே உயர்வு தாழ்வு கற்பித்தது. மெல்லிய நரம்பு, தடித்த நரம்பு. கடவுள் வகுத்த படிநிலை ஆட்டம்கண்ட காலத்தில் உடம்புக்குள் புதிய படிநிலை ஒன்று கட்டமைக்கப்பட்டது.

மிஷெல் ஃபூக்கோ 1961இல் வெளிவந்த தம் பைத்தியத்தின் வரலாற்றில் இந்த நரம்பு மனிதர்களைப் பேசுகிறார். அதிகம் உணர்ந்ததாலேயே நோயாளியாகி, நோயாளியானதாலேயே தார்மீகக் குற்றவாளியாகவும் ஆன மனிதர்கள். நுட்பமான வாசிப்புதான். ஆனால் அவர் பார்வை ஐரோப்பிய வரவேற்பறைக்குள்ளும் அடைப்பிடங்களுக்குள்ளும் நின்றுவிடுகிறது. தோட்டங்களுக்குப் போவதில்லை. மிகையுணர்வின் மறுபாதி எழுதப்பட்டதோ தோட்டங்களில்தான்.

3

1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற தென்மாநில அமெரிக்க மருத்துவர் கறுப்பு அடிமைகளின் நோய்கள் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதில் தப்பியோடும் அடிமைக்கு ‘டிராப்டோமேனியா’ என்ற நோய் என்றார். இது பலருக்கும் தெரிந்த கதை. அதே அறிக்கையில் இருக்கிற இன்னொரு நோய் அவ்வளவு பேசப்படுவதில்லை: ‘டிஸ்ஸ்தீசியா ஈதியோப்பிகா’. புத்தி மந்தம், கூடவே தோலில் உணர்வின்மை. இந்த நோய் கண்டவர்கள் கருவிகளை உடைப்பார்கள், பயிரை நாசம் செய்வார்கள், அடித்தாலும் வலி தெரியாதவர்கள்போல இருப்பார்கள். மேஸ்திரிகள் இதைப் ‘போக்கிரித்தனம்’ என்கிறார்கள். அவர்கள் அறியாதவர்கள், இது வியாதி என்று விளக்குகிறார் கார்ட்ரைட். சிகிச்சை? உடம்பைக் கழுவி, எண்ணெய் பூசி, அகலமான தோல்வாரால் அந்த எண்ணெயை அடித்து ஏற்றி, பிறகு வெயிலில் கடுமையான வேலை.

வேலையை மறுப்பதும் கருவியை உடைப்பதும் அடிமையின் எதிர்ப்பு. அது தோலின் குறைபாடாக மாற்றி எழுதப்படுகிறது. அடித்தால் உணர்வு திரும்புமாம்! வெள்ளைச் சீமாட்டிக்குத் தோல் அதிகம் உணர்ந்தால் நோய். கறுப்பு அடிமைக்குத் தோல் உணரவில்லை என்பது நோய். ஒரே மருத்துவ மொழிதான், ஒரே நூற்றாண்டுதான்.

இதே காலத்தில், 1845 முதல் 1849 வரை, அலபாமாவின் மான்ட்கோமரியில் மரியன் சிம்ஸ் என்ற அறுவை மருத்துவர் அடிமைப் பெண்கள்மீது தொடர்ந்து அறுவைச் சோதனைகள் செய்தார். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் சுமார் 30 முறை அறுவை. 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் மயக்கம் பகிரங்கமாகக் காட்டப்பட்ட பிறகும் இந்தப் பெண்களுக்கு மயக்கமருந்து கிடையாது. கவனிக்கவேண்டியது இது: லூசி பட்ட வேதனை மிகக் கடுமையானது என்று சிம்ஸே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆக, கறுப்புப் பெண்ணுக்கு வலிக்காது என்று அவர் நம்பியிருந்தால்கூட அவர் கண் அதை நம்பவில்லை. வலி தெரிந்தது. தெரிந்தும் கணக்கில் வரவில்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் இருந்த சிம்ஸின் சிலை 2018இல்தான் அகற்றப்பட்டது.

4

சைலஸ் வியர் மிச்செல் என்ற ஒரே மனிதரிடம் இந்த வரலாற்றின் இரண்டு முகத்தையும் பார்க்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஃபிலடெல்ஃபியாவில் நரம்பில் குண்டடி பட்ட சிப்பாய்களைக் கவனித்தவர் அவர். தம் சகாக்களுடன் 1864இல் வெளியிட்ட நூலும், 1872இல் தனியே எழுதிய நூலும் மிகையுணர்வு பற்றிய மிக நேர்மையான மருத்துவ எழுத்துகள் என்பேன். காயம் ஆறிவிட்டது. ஆனால் கை எரிகிறது. அந்தச் சிப்பாய்கள் ஈரத்துணியை விடாமல் கையில் சுற்றி வைத்திருந்தார்கள். பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. நடக்கும்போது ஏற்படும் அதிர்வு அவர்களுக்கு அவ்வளவு வேதனை. பக்கத்தில் யாராவது செய்தித்தாளைப் புரட்டுகிற சத்தம் வலியைக் கூட்டியது. மிச்செல் இவர்களைச் சந்தேகிக்கவில்லை. கூர்ந்து பார்த்து எழுதினார். ‘காசால்ஜியா’ என்ற பெயரும் அவர் வழியாக வந்ததே. மின்விசிறிக் காற்று ஆகாத என் பெரியம்மாவை இந்தப் பக்கங்களில் நான் அடையாளம் கண்டுகொண்டேன்.

அதே மிச்செல் 1892இல் ‘நாகரிகமும் வலியும்’ என்று பேசுகிறார். நாகரிகம் அடைய அடைய வலியை உணரும் திறன் கூடிக்கொண்டே போகிறது. நாம் உணர்வதுபோலக் காட்டுமனிதன் வலியை உணர்வதில்லை என்பது அதன் சாரம். சிப்பாய்களின் படுக்கையருகே உட்கார்ந்து கற்றது என்ன ஆயிற்று? நரம்பு அறுந்தால் யாருக்கும் எரியும் என்று அந்தப் படுக்கைகள் சொன்னதை இனவாதம் வந்து விழுங்கிவிட்டது.

அதற்கான தயாரிப்பு ஏற்கெனவே நடந்திருந்தது. ஜார்ஜ் பியர்டு 1869இல் ‘நியூரஸ்தீனியா’, அதாவது நரம்புத் தளர்ச்சி என்ற கருத்தாக்கத்தைப் பரப்பினார். 1881இல் வந்த அவருடைய நூல் அதற்கு ஐந்து காரணங்களைச் சொன்னது: நீராவி, பத்திரிகைகள், தந்தி, விஞ்ஞானம், பெண்களின் அறிவு முயற்சி. கடைசிக் காரணத்தைப் பாருங்கள். பெண் படித்தால் நரம்பு கெடும். இந்த நோய் மூளையால் உழைப்பவர்களின் நோய்; கையால் உழைப்பவர்களுக்கும் கறுப்பர்களுக்கும் பழங்குடிகளுக்கும் வராத நோய்.

மிகையுணர்வு என்ற பதக்கம் பெண்ணுக்குக் கிடைத்தபோது அது விலங்காக மாறியது. மிச்செலின் ‘ஓய்வுச் சிகிச்சை’யில் பெண்கள் வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தப்பட்டார்கள், வாசிக்கக்கூடாது, எழுதக்கூடாது. 1887இல் அவரிடம் சிகிச்சை பெற்ற சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன், அந்த அனுபவத்திலிருந்து ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையை எழுதினார். அது அச்சானதும் 1892இல்தான். அதே பெண்ணைப் பற்றி 1893இல் இத்தாலியின் லொம்புரோசோவும் ஃபெரெரோவும் என்ன எழுதினார்கள்? பெண்ணுக்கு ஆணைவிட வலியுணர்வு குறைவு! அமெரிக்காவில் அதிகம், இத்தாலியில் குறைவு. இரண்டு இடத்திலும் அவள் தாழ்ந்தவள்தான். இங்கே நரம்பு முன்னாலும் தீர்ப்பு பின்னாலும் வரவில்லை. தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிட்டது. நரம்பு சாட்சிக்கு அழைக்கப்படுகிறது.

5

இனி இந்த வரலாறு நம் பக்கம் வருகிறது. 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு குழு ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டாரெஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போயிற்று. தலைவர் ஹேடன், உடன் ரிவர்ஸ், மையர்ஸ், மக்டூகல் முதலியோர். ‘காட்டுமனிதர்களுக்குப் புலன்கள் மிகக் கூர்மையானவை, அதனால்தான் அவர்களுக்குச் சிந்தனை வளரவில்லை’ என்பது அன்று பரவலாக இருந்த ஒரு கருத்து. அவர்களுக்கு வலி தெரியாது, ஆனால் கழுகுக் கண். மரத்துப்போன தோல், ஆனால் நாயின் மூக்கு. புகழ்வதுபோல மிருகத்தோடு சேர்க்கிற தந்திரம் இது. இதைக் கருவிகளால் அளந்து பார்க்கவே அவர்கள் போனார்கள்.

முடிவுகள் அந்தக் கட்டுக்கதையைக் கணிசமாக உடைத்தன. பார்வைக் கூர்மை கொஞ்சம் அதிகம், ஆனால் அதிசயம் ஒன்றும் இல்லை. பழகிய இடத்தில் நுணுக்கங்களைக் கவனிக்கும் பயிற்சியே அந்தப் புகழுக்குக் காரணம் என்றார் ரிவர்ஸ். கேட்கும் திறன் ஐரோப்பியரைவிட மேம்பட்டதல்ல என்றார் மையர்ஸ். முத்துக்குளித்துக் காது கெட்டவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் மக்டூகல் மட்டும் தீவினரின் வலியுணர்வு ஆங்கிலேயருடையதில் ஏறக்குறைய பாதி என்று எழுதினார்.

இந்த ‘பாதி’ எப்படி வந்தது? சோதனைக்கு முன் தீவினரிடம் சொல்லப்பட்டது இதுதான்: வெள்ளையனைவிடக் கறுப்பனுக்கு நன்றாகப் பார்க்க, கேட்க முடியும் என்று சிலர் சொல்கிறார்கள்; உங்கள் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க வந்திருக்கிறோம்; எல்லாவற்றையும் பெரிய புத்தகத்தில் எழுதுவோம். போட்டி என்று சொல்லிவிட்டுக் கருவியை அழுத்தினால் எந்த ஆள் சீக்கிரம் ‘வலிக்குது’ என்பான்? அளக்கப்பட்டது வலியா, வீம்பா?

1901–02இல் ரிவர்ஸ் நம் மலைகளுக்கு வந்தார். நீலகிரியில் தோடர்களிடம் பார்வை, தொடுகை, வலி, மணம், சுவை எல்லாவற்றையும் சோதித்து 1905இல் வெளியிட்டார். ஊராளிகள், சோளகர்கள் ஆகியோரின் பார்வை பற்றிய அவருடைய குறிப்புகள் 1903இல் சென்னை அருங்காட்சியகத்தின் அறிக்கைத் தொடரில் அச்சாயின. தர்ஸ்டன் பொறுப்பில், தென்னிந்திய ‘சாதிகளும் பழங்குடிகளும்’ மண்டையும் மூக்குமாக அளக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே நிறுவனம் அது. இதில் ரிவர்ஸுக்கு ஒரு நியாயம் செய்யவேண்டும். புலன்களின் அடிப்படைக் கூர்மை எல்லா இனத்தாருக்கும் ஏறக்குறைய ஒன்றே என்ற பக்கம்தான் அவர் சாய்ந்தார். காலனிய அளவுகோலே காலனியக் கதையைப் பொய்யாக்கிய தருணம் இது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1903 ஏப்ரலில் ரிவர்ஸின் நண்பர் ஹென்றி ஹெட் என்ற நரம்பியலாளர் தம் இடது முன்கையின் உணர்வு நரம்பைத் தாமே வெட்டச் செய்துகொண்டார். பிறகு நான்கு வருஷத்தில் 167 நாள், கேம்பிரிட்ஜில் ரிவர்ஸின் அறையில், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். ரிவர்ஸ் ஊசியாலும் பனிக்கட்டியாலும் சோதித்தார். முதலில் திரும்பி வந்தது ஒருவகை முரட்டு உணர்வு. எங்கே என்று சொல்லமுடியாத, அளவுமீறிப் பரவுகிற வலி. அதற்கு ‘புரோட்டோபதிக்’ என்று பெயரிட்டார்கள். வெகுநாள் கழித்து வந்த, இடத்தையும் அளவையும் பிரித்தறிகிற உணர்வு ‘எபிகிரிட்டிக்’. முன்னது பரிணாமத்தில் பழையது, பின்னது அதை அடக்கி ஆளும் வளர்ந்த அடுக்கு.

இப்போது மிச்செலையும் இவர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1892இல் அதிகம் உணர்வது நாகரிகத்தின் அடையாளம். 1908இல், இந்த ஆய்வு அச்சானபோது, அதிகம் உணர்வது ஆதிநிலையின் அடையாளம், அடக்குவதே நாகரிகம். ஆட்டத்தின் விதி தலைகீழாக மாறிவிட்டது. ‘ஆதி’ என்ற சொல்லுக்குள் அடைக்கப்பட்டவன் மட்டும் இரண்டு ஆட்டத்திலும் தோற்கிறான்.

பிறகு உலகப்போர் வந்தது. டாரெஸ் தீவில் காது சோதித்த மையர்ஸ்தான் 1915இல் ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லை மருத்துவ இதழில் எழுதினார். ரிவர்ஸ் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் அதிகாரிகளுக்குச் சிகிச்சை தந்தார். கதவு சாத்துகிற சத்தத்துக்குத் துள்ளி விழுகிற மனிதர்கள். அங்கும் பாகுபாடு இருந்தது: அதிகாரிக்கு ‘நியூரஸ்தீனியா’, சிப்பாய்க்கு ‘ஹிஸ்டீரியா’. கோழை என்றும் ஓடிப்போனவன் என்றும் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்றவர்களில் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வந்தது. எல்லாரும் இப்படிப்பட்ட நோயாளிகள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு ரிவர்ஸ் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

6

ரிவர்ஸ் கண் பரிசோதித்த சோளகர்களின் பேரப்பிள்ளைகளுக்கு என்ன நடந்தது? வீரப்பன் தேடுதல் வேட்டை என்ற பெயரில் 1990களில் சத்தியமங்கலம், மாதேஸ்வரன் மலைப் பகுதி மக்கள் அதிரடிப்படை முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ச்சினார்கள் என்று ஆண்களும் பெண்களும், தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் அமைத்த சதாசிவா குழுவின்முன் சாட்சியம் சொன்னார்கள். 2007இல் 89 பேருக்கு நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) இதை நாவலாக்கியது. லாக்கப்பில் அடிபடுகிறவனைப் பார்த்து ‘அடி தாங்குற ஒடம்பு’ என்று சொல்லுகிற போலீஸ்காரனை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். அவன் கார்ட்ரைட்டைப் படித்ததில்லை. படிக்க வேண்டிய தேவையும் இல்லை.

‘பழகிப்போன உடம்பு’ என்ற இந்த நம்பிக்கையை நரம்பியலே இன்று மறுத்துவிட்டது என்பது பலர் காதுக்கு எட்டவில்லை. 1983இல் கிளிஃபர்ட் வுல்ஃப் எலிகளில் காட்டியது இது: அடிபட்ட இடத்திலிருந்து வரும் வலிச் செய்திகளால் தண்டுவடத்தின் நரம்புகளே மாறிவிடுகின்றன. அதன்பின் சாதாரணத் தொடுகையையும் அவை வலியாகப் பெருக்கி அனுப்புகின்றன. அதாவது காயப்பட்ட உடம்பு மரத்துப்போவதற்குப் பதிலாக மேலும் கூர்மையாகவும் கூடும். உழைத்து நொந்த உடம்பு, அடிவாங்கிய உடம்பு, இவையே மிகையுணர்வுக்கு அதிக வாய்ப்புள்ள உடம்புகள். செய்ன் முதல் மிச்செல் வரை வகுத்த படிநிலையை இது கவிழ்த்துப் போடுகிறது.

ஆனால் அறிவியல் மாறினால் மட்டும் போதாது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் வெள்ளை மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர், கறுப்பர் உடம்பு பற்றிய பொய்யான நம்பிக்கை ஒன்றையாவது ஏற்றுக்கொண்டார்கள். கறுப்பர் தோல் தடிமன் அதிகம் என்பது அவற்றுள் ஒன்று. நம் மருத்துவக் கல்லூரிகளிலும் இதைக் கேட்டுப்பார்க்கலாம். நிறத்துக்குப் பதில் சாதியையும் தொழிலையும் போட்டுக் கேட்கவேண்டும். பிரசவ வார்டில் கத்துகிற பெண்ணுக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

7

கடைசியாக, நம்மைப் பற்றி. ‘நுண்ணுணர்வு’ என்ற சொல் இல்லாமல் தமிழில் ஒரு சிறுபத்திரிகை விவாதம் நடந்திருக்குமா? நுண்ணுணர்வுள்ள வாசகன், நுண்ணுணர்வற்ற கூட்டம். நானும் இந்தச் சொல்லை ஆயுதமாகப் பயன்படுத்தியவன்தான். தலித் எழுத்து வந்தபோது அதில் ‘நுண்ணுணர்வு போதவில்லை’ என்று சொன்னவர்களை நாம் மறக்கவில்லை. அந்த வார்த்தைக்குள் செய்ன் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. வெயில் சுட்டதை எழுதினால் கூச்சல். நிலா சுட்டதை எழுதினால் நுண்ணுணர்வு.

இதற்கு எதிராக நம் பேச்சுமொழியில் வேறொரு சொல் இருக்கிறது: சொரணை. அது தோலின் உணர்வையும் குறிக்கும், மானத்தையும் குறிக்கும். ‘சூடு சொரணை இருக்கா?’ என்று கேட்கும்போது இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன. சுயமரியாதை இயக்க மேடைகளில் இந்தச் சொல் அவ்வளவு புழங்கியது தற்செயல் அல்ல. நுண்ணுணர்வு சிலருக்கு மட்டும் வாய்த்தது என்றே பேசப்படுகிறது. சொரணை எல்லாருக்கும் உண்டு. இல்லை என்று சொல்வது வசவு. கார்ட்ரைட் எழுதிய நோய்க்குத் தமிழில் பெயர் வைத்தால் ‘சொரணைகெட்ட வியாதி’ என்றுதான் வரும். அடிமை கருவியை உடைத்தது அவனுக்குச் சொரணை இருந்ததால் என்பதை அந்த மருத்துவர் எழுத முடியவில்லை.

இந்தக் கட்டுரையின் சாரத்தைப் பெரியம்மாவிடம் என்னால் முடிந்த அளவுக்குச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். லூசியின் கதை வந்தபோது, ‘மயக்க மருந்து இருந்துச்சுன்னு சொன்னியே, அப்பறம் ஏன் குடுக்கல?’ என்று கேட்டார். பதில் சொல்வதற்குள், ‘சரி வுடு, எனக்குத் தெரியும்’ என்று எழுந்துபோனார். விலாவில் அந்த இடத்தை இன்னும் முந்தானை படாமல் கையால் விலக்கிப் பிடித்தபடிதான் நடக்கிறார்.